கைபேசியில் வரும் செய்தியும் நம் பொறுப்பும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நீலகிரியில் வாழும் நமக்கு இலங்கை மலையகம் அந்நியமன்று. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படித் தாயகம் திரும்பியோருக்காகவே 1968-இல் இங்கு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தோன்றின. ஆகவே கண்டி மாவட்டத்துத் திகனையில் 2018-இல் நடந்ததை முதலில் நினைவுகூர விரும்புகிறோம்.

அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் உணவில் மாவுக் கட்டி ஒன்று கிடந்தது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று சிலர் கூச்சலிட்டனர். சிங்களம் சரிவரத் தெரியாத கடைக்காரர், சூழ்ந்து நின்ற கூட்டத்திற்கு அஞ்சி ஆமென்று தலையசைத்துவிட்டார். அக்காட்சி முகநூலில் பரவியது. அப்படியொரு மாத்திரையே உலகில் கிடையாது. அது வெறும் மாவுதான் என்று அரசுப் பகுப்பாய்விலும் பின்னர் தெரிந்தது. அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன.

அந்நாட்களிலேயே, வாகனத் தகராறில் முஸ்லிம்கள் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். அது குற்றமே, மறைப்பதற்கில்லை. ஆனால் அம்பாறைப் பொய்யால் கொதித்திருந்த மனங்களுக்கு அதுவே போதுமானதாயிற்று. திகனையில் வீடுகள் எரிந்தன; முஸ்லிம் இளைஞர் ஒருவர் எரிந்த வீட்டினுள் சிக்கி மாண்டார். மார்ச் 6-இல் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டு, மறுநாள் முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகளைப் பற்றிப் பலர் முன்னரே முறையிட்டிருந்தனர். அவற்றைச் சிங்களத்தில் படித்து நீக்கப் போதிய ஆட்கள் அந்நிறுவனத்திடம் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் அதற்கு 2020 மே வரை ஆயிற்று!

அந்த 2020-இலேயே, கொரோனாவைப் பரப்பியவர்கள் என்ற பழி தப்லீக் ஜமாஅத்தின் பெயரால் நம் அனைவர்மீதும் விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டுத் தப்லீக் சகோதரர்கள்மீது போடப்பட்ட வழக்குகளை மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அவ்வாண்டு ஆகஸ்டில் ரத்துச் செய்தது. தீர்ப்பு வந்தது, பழியைப் பரப்பியவர்களில் எத்தனைபேர் அத்தீர்ப்பைப் பரப்பினர்?

இவ்வாறு புண்பட்ட நாமே 2023 மார்ச்சில் என்ன செய்தோம்? தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. 'பாவம், ஏழைகள்' என்று நம்மில் சிலரும் அவற்றைப் பிறருக்கு அனுப்பினோம். இரக்கத்தால் அனுப்பினாலும் பொய் பொய்தான். அதைக் கண்டு அஞ்சியவர்கள் அத்தொழிலாளர்களே அல்லவா? அம்முறை மறுப்பும் விரைந்து வந்தது. தமிழகக் காவல்துறை இந்தியிலேயே விளக்கம் அளித்தது. பீகார் அதிகாரிகள் நேரில் வந்து விசாரித்தனர். அஞ்சியவரின் மொழியிலேயே உண்மை சென்று சேர்ந்தது. திகனைக்குக் கிட்டாதது இதுவே.

கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரா அல்ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரிக்க வழியும் நம்மிடமே உண்டு. இம்மலையில் தமிழ், மலையாளம், உருது மூன்றும் நம் மக்களின் வீட்டுமொழிகள். தோட்டங்களில் வேலை செய்யும் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களிடம் இந்தியில் பேசி ஐயம் தீர்க்க உருது அறிந்தவர்களால் எளிதில் இயலும். அவ்வாறு முன்வரும் சகோதரர்கள், இன்று அஸர் தொழுகைக்குப் பின் செயலாளரிடம் தங்கள் பெயரைத் தந்துசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.