உங்களுக்கு வரன்முறை, ஏழைக்கு அப்புறப்படுத்தலா?

(திண்டிவனத்தில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

திண்டிவனம் பெருமக்களே! கைக்குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! வேலை முடிந்து சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல் நேராக இங்கே வந்து நிற்கும் தூய்மைப் பணியாளர் தோழர்களே!

வேறு பேச்சோடுதான் வந்தேன். ஆனால் விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்பட்ட ஒரு மனுவைப் படித்த பிறகு வேறெதையும் பேச மனம் வரவில்லை. தங்கள் நகருக்குப் பக்கத்தில் ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடு கட்டக் கூடாதாம். கட்டினால் பகுதியின் தரம் கெட்டுவிடுமாம். எந்த நகர் என்று நான் சொல்லப் போவதில்லை. கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக் குப்பையை இன்று காலையில் அள்ளியவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் தெரியும்!

மனு என்ன சொல்கிறது? மனை விலை இறங்கும், திருட்டு ஏறும், ஏரி பாழாகும். அவ்வளவுதான். லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து ஏரிக்கரையில் கொட்டியபோது வாய் திறக்காதவர்கள், ஏழைக்கு வீடு என்றதும் பறவை ஆர்வலர் ஆகிவிட்டார்கள்! கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாதவர் நீர்க்கோழிக்காகக் கண்ணீர் விடுகிறார். ஐயா, ஏரியில் கட்டு என்று நாங்கள் கேட்கவே இல்லை. ஏரியில் கட்டிய பெருமை யாருக்கு? விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் எங்கே நிற்கிறது? ஏரியில்! மழை பெய்தால் பஸ் நிற்கும் இடத்தில் தண்ணீர் நிற்கிறது. அதற்கு எந்த நகர்வாசி மனு எழுதினார்?

மனை விலை இறங்கும் என்கிறார்களே, இப்போது அந்த மனை விஷயத்தில் என் வயிறு எரியும் சங்கதிக்கு வருகிறேன். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்டது. பத்திர ஆபீஸ்கள் வெறிச்சோடின. நஞ்சையைத் தூர்த்து, கல் நட்டு, கலர் கொடி கட்டி, வேன் வைத்து அழைத்துப்போய், பிரியாணி போட்டு விற்ற மனைகள் அத்தனையும் மாட்டிக்கொண்டன. அரசாங்கம் புல்டோசர் அனுப்பியதா? இல்லை. 2017-இல் விதி கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனையா, கட்டணம் கட்டு, வரன்முறை செய்துகொள் என்றது. கெடு முடிந்தது, நீட்டித்தது. மறுபடி முடிந்தது, மறுபடி நீட்டித்தது. சந்தோஷம்! வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த நடுத்தரக் குடும்பத்தின் காசைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் ஓடைப் புறம்போக்கில் அப்பன் காலத்திலிருந்து குடிசை போட்டிருப்பவனுக்கு என்ன பெயர்? ஆக்கிரமிப்பாளன்! உங்களுக்கு வரன்முறை, அவனுக்கு அப்புறப்படுத்தல்!

1970-இல் கலைஞர் குடிசை மாற்று வாரியம் தொடங்கினார். "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்று சுவரில் எழுதினார்கள். சென்னை நகரத்துக்குள்ளேயே மாடி வீடுகள் எழுந்தன. பிறகு என்ன ஆனது? 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மூட்டை கட்டி ஊர் எல்லைக்கு அனுப்பினார்கள். வீட்டுவேலை போனது, தள்ளுவண்டி வியாபாரம் போனது, பிள்ளைகளின் படிப்பு போனது. அந்தத் தப்பை இங்கேயும் செய்யப் பார்க்கிறார்கள்.

கண்ணகி நகர் என்றால் வேலை தர மாட்டார்கள், ஆட்டோ வராது. திருட்டுப் பட்டம் கட்டினார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி. கபடியில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வாங்கியது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா எந்த ஊர்? கண்ணகி நகர்! தரம் கெடும் என்று மனு எழுதிய கைகளே, அன்றைக்குத் தட்டினீர்களா இல்லையா?

திருட்டு பற்றிப் பேசுகிறீர்கள். 2024 டிசம்பர் முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. மனு எழுதியவர்களின் அதே நகரில் இடுப்பளவு தண்ணீர். படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி, தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மேட்டுக்குக் கொண்டுவந்தது ஓடைக்கரைப் பையன்கள் நாலு பேர். அவர்கள் குடிசையில் அப்போது கூரை இல்லை. ரேஷன் கார்டை பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வந்து தூக்கினார்கள். மனுவின் இரண்டாம் பக்கத்தில் அந்தப் பெரியவரின் மகன் கையெழுத்து இருக்கிறது! இதைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருக்க வேண்டுமா? எப்படி இருப்பேன்?

ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்துவைத்ததன் விலை இந்த மாவட்டத்துக்குத் தெரியாதா? 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். வெளியிலும் பார்த்தோம்: 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் நடூரில், பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய மதில் மழையில் சரிந்து அருந்ததியர் வீடுகள் மேல் விழுந்தது. 17 பேர் பிணமானார்கள். "எங்கள் பக்கம் வராதே" என்ற எண்ணம்தான் அங்கே மதிலாக நின்றது. இங்கே அது மனுவாக வந்திருக்கிறது.

முடியாது என்கிறவர்கள் வானூர் பக்கம் கொழுவாரிக்குப் போய்ப் பாருங்கள். 2022 ஏப்ரல் 5-இல் திறந்த சமத்துவபுரம், 100 வீடு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்பதுதான் சமத்துவபுரத்தின் கணக்கு. கிராமத்தில் வாசலுக்கு வாசல் கோலம் போட்டு வாழலாம். படித்தவர்கள் குடியிருக்கும் நகரத்தில் மட்டும் தரம் கெட்டுவிடுமா?

அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். 2021-இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் கை வைத்தால் சிமெண்ட் உதிர்ந்ததை நாடே பார்த்தது. அப்படி ஒரு வீட்டை இங்கே கட்டிக் கொடுத்தால் முதல் மனு எங்கள் மனுவாக இருக்கும். உறுதியான வீடு வேண்டும். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடந்து போகும் தூரத்தில் வேண்டும். நகரின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில், வீடு கட்டும் இடத்துக்குக் குடியிருப்பு என்று வண்ணம் அடிக்க வேண்டும்.

தோழர்களே! இந்த வீட்டுத் திட்டத்துக்கு ஆட்சேபணை சொல்ல மனு எழுதியவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆதரவு சொல்ல நமக்கும் இருக்கிறது. அடுத்த திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்துக்கு வாருங்கள். ரேஷன் கார்டு நகல், வாக்காளர் அட்டை நகல் கையில் இருக்கட்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். ஒரே வரி போதும்: ஊருக்குள் வீடு கொடு!