லெலோங் வீட்டில் கைவைக்கும் முன்



லெலோங்கில் பழைய வீட்டை எடுத்து, பழுதுபார்த்து வாடகைக்கு விடலாமா என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். தோட்டத்து லயத்தில் பிறந்த பலருக்கு கிராண்ட் என்பதே புதிது. நல்ல எண்ணம்தான், ஆனால் கணக்கைப் பாருங்கள்.

ஏல விலை 200,000 வெள்ளி என்று வையுங்கள். முன்பணம் 10 விழுக்காடு, 20,000. கூரை ஒழுகுவதால் மதிப்பீட்டாளர் 180,000தான் போடுகிறார். வங்கி குறைந்த தொகையைத்தான் எடுக்கும். 90 விழுக்காடு கொடுத்தாலும் 162,000. இன்னும் 18,000 உங்கள் கையிலிருந்து போக வேண்டும். முத்திரை வரி 3,000. வக்கீல் கட்டணம் வேறு (எங்களையும் மறக்காதீர்கள்). கூரை, ஒயரிங், குழாய்ச் செலவு எதுவும் இந்தக் கடனில் சேராது.

தேசிய நிலச் சட்டப்படி நடக்கும் ஏலத்தில் மீதியை 120 நாளில் கட்ட வேண்டும். நீட்டிப்பே கிடையாது. தவறினால் முன்பணம் போய்விடும். என்னிடம் வந்த ஒரு தம்பதியர் தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டியவர்கள். கடன் நிச்சயம் என்றார் ஏஜெண்ட். பழைய மோட்டார் சைக்கிள் கடன் பாக்கி சிசிரிஸ் பதிவில் கிடந்தது, வங்கி மறுத்துவிட்டது. நான் எதுவும் செய்ய முடியவில்லை. விற்பனை நிபந்தனையில் அவர்களே கையெழுத்திட்டிருந்தார்கள்.

ஆகவே முதலில் பேங்க் நெகாராவில் உங்கள் சிசிரிஸைப் பாருங்கள். வீட்டுக்குள் ஆள் குடியிருந்தால், வெளியேற்றுவது உங்கள் செலவு. நிபந்தனைத் தாளை ஏலத்துக்கு முன்பே கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறேன்.