ஜூனியர் கையில் மாதம் எவ்வளவு?



ஆதிச்சநல்லூருக்குப் பேச வருகிறவர்கள் முதுமக்கள் தாழியிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இந்தப் பரம்பில் தோண்டினார். அவருக்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ வந்தார். 2004-இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடியும் தோண்டியது. தோண்டியதற்கு அறிக்கை வரவில்லை. வருஷங்கள் ஓடின. கடைசியில் நம் பக்கத்து ஊர் எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் பொதுநல வழக்கோடு போனார். அந்த வழக்கு நடந்தபோதுதான், இங்கே கிடைத்த பொருள்கள் அமெரிக்க ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு கி.மு. 905, கி.மு. 696 என்று காலம் தெரிந்தது என்ற செய்தி 2019-இல் கோர்ட்டிலேயே வெளியானது. தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி பதித்து, 2023 ஆகஸ்டில் திறந்த அருங்காட்சியகத்தை இன்று நம் பிள்ளைகள் குனிந்து பார்க்கிறார்கள். இந்த ஊரின் பெருமைக்குக் கடப்பாரையும் உழைத்தது, கோர்ட்டும் உழைத்தது.

கோர்ட் உழைத்தது என்றால் யார் உழைத்தது? நீதிபதி தெரிவார், வாதாடிய வக்கீல் தெரிவார். எந்த ரிட் மனுவாக இருந்தாலும் அதற்கு அஃபிடவிட் வேண்டும், டைப்டு செட் வேண்டும், பக்க எண் போட வேண்டும், எதிர்த்தரப்புக்கு நகல் கொடுக்க வேண்டும். ஒரு தேதி பிசகினால் ரிஜிஸ்ட்ரி கட்டைத் திருப்பி அனுப்பிவிடும். அதைச் சரிசெய்து மறுபடியும் தாக்கல் செய்ய வேண்டும். இப்போது இ-ஃபைலிங்கும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். இதில் பெரும்பகுதி ஜூனியரின் கைவேலை. அந்த ஜூனியருக்கு மாதம் என்ன கிடைக்கிறது என்பதைப் பேசத்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பையனைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஆற்றங்கரை ஊர், அப்பா வாழைத்தோட்டத்துக் கூலி. அந்த வீட்டில் முதல் பட்டதாரி, ஊருக்கே முதல் வக்கீல். காலை எட்டு மணிக்கு சீனியர் ஆபீசைத் திறப்பான். அன்றைய கேஸ் கட்டுகளை எடுத்து, டைரியைப் பார்த்து, எந்தக் கோர்ட்டில் எது என்று பிரித்து வைப்பான். பத்தரை மணிக்கு ஒரு கோர்ட்டில் வாய்தா, பதினொரு மணிக்கு இன்னொன்றில் சாட்சி. மத்தியானம் நகல் பிரிவில் நிற்பான். சாயங்காலம் கட்சிக்காரர்கள் வருவார்கள், ராத்திரி ஒன்பதும் ஆகும். ஸ்டாம்பு, ஜெராக்ஸ் எல்லாம் முதலில் அவன் பையிலிருந்து போகும். எழுதி வைத்து வாங்க வேண்டும், கேட்க அவனுக்குக் கூச்சம். சீனியர் நல்ல மனிதர்தான். பீஸ் வந்த சனிக்கிழமைகளில், "செலவுக்கு வச்சுக்கோ" என்று நோட்டுகளை மடித்துக் கையில் கொடுப்பார். பீஸ் வராத சனிக்கிழமைகளில் ஒன்றுமில்லை. அம்மா ஒருநாள் கேட்டாளாம்: "வக்கீலுக்குப் படிச்சுட்டு ஏம்ல எங்கிட்ட பஸ்ஸுக்குக் கேக்க?" இப்போது அவன் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் தவணை வசூலுக்குப் போகிறான். கறுப்புக் கோட்டு வீட்டுக் கொடியில் தொங்குகிறது. குறுக்கு விசாரணையில் அவன் கேட்ட கேள்விகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தொழில் ஒரு நல்ல வக்கீலை இழந்துவிட்டது, அண்ணாச்சி.

இதைச் சரிசெய்ய யாரும் எதுவும் சொல்லவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு தெளிவாகவே சொன்னது. சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய். மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய். தூத்துக்குடி அந்த 15,000-த்தில் வருகிறது. இளம் வக்கீலிடம் வேலை வாங்கிக்கொண்டு உதவித்தொகை கொடுக்காமலிருப்பது அவருடைய வாழ்வாதார உரிமையைப் பறிப்பது என்றார்கள். பெண் ஜூனியருக்கு ஒரு தொகை, ஆண் ஜூனியருக்கு ஒரு தொகை என்ற பாகுபாடு கூடாது என்றார்கள். நான்கு வாரத்துக்குள் சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் ஒரு சுற்றறிக்கை விட்டது. நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000, குறைந்தது மூன்று ஆண்டுக்கு. வேலைக்குச் சேர்த்ததற்குக் கடிதம் கொடுக்க வேண்டும், கொடுத்த பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்றெல்லாம் நல்ல வார்த்தைகள் அதில் இருக்கின்றன. ஆனால் அது பரிந்துரை. கொடுக்காதவரைக் கேட்க ஆளில்லை.

1961-ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரே வருஷத்தில் நாடாளுமன்றம் இரண்டு சட்டம் போட்டது. ஒன்று, தொழில் பழகுநர் சட்டம். இன்னொன்று, நம்முடைய வழக்கறிஞர் சட்டம். முதல் சட்டத்தின்படி, ஐ.டி.ஐ. முடித்த பையன் தொழிற்சாலையில் அப்ரண்டிசாகச் சேர்ந்தால் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். 2019-இல் அந்தத் தொகை 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று உயர்ந்தது. இரண்டாவது சட்டத்தில் ஜூனியரின் சம்பளம் பற்றி ஒரு வரி கிடையாது. ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் பழகும் பிள்ளைக்கு, ஊரின் மக்கள் தொகையைப் பார்த்து இவ்வளவு என்று அவர்கள் நிறுவனமே விதி வைத்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஹவுஸ் சர்ஜனுக்கு உதவித்தொகை உண்டு. மற்றவனுடைய கூலிக்கு வாதாடும் தொழிலில் மட்டும் கூலிக்கு விதி இல்லை.

அதே 1961-இல்தான் தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. நம் கடலோரத்துப் பெரியவர்களுக்கு அதில் பங்கு பிரித்த கணக்கு தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தவருக்கு. அது நியாயமான பங்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் குளித்தவரின் பங்கிலிருந்து, தோணியில் நின்று கயிறு பிடித்தவருக்கும் பங்கு போனது. கயிறு பிடிப்பவன் கை தளர்ந்தால் கீழே இருப்பவன் உயிர் போகும் என்று கடலுக்குத் தெரியும். ஜூனியர் ஒரு கெடு தேதியைத் தவறவிட்டால் கட்சிக்காரரின் நிலம் போகும். அந்தக் கைக்குப் பங்கு எங்கே?

இங்கே உட்கார்ந்திருக்கும் சில சீனியர்கள் மனசுக்குள் பதில் சொல்வது எனக்குக் கேட்கிறது. "முன்சீப் கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணுகிற எனக்கே மாதம் என்ன வருகிறது? பதினைந்தாயிரத்துக்கு நான் எங்கே போவேன்?" இது நியாயமான கேள்வி. பெரிய நிறுவனங்களுக்கு வேலை பார்க்கும் சேம்பரையும், நிலத் தகராறையும் ஜீவனாம்ச வழக்கையும் நம்பி இருக்கும் ஆபீசையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முடிந்தவர் முழுத் தொகையைக் கொடுக்கட்டும். முடியாதவர் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஜூனியரை வைத்துக்கொள்ளட்டும். அதற்கும் மேலே அரசு வர வேண்டும். கேரளம் வருமானம் குறைந்த இளம் வக்கீல்களுக்கு மாதம் 5,000 வரை என்று விதி செய்தது. ஆந்திரம் 2019-இல் மாதம் 5,000 கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பத்து இளம் வக்கீல்களுக்கு இரண்டு ஆண்டுக்கு மாதம் 3,000 என்று 2020-இல் அறிவித்தார்கள். 3,000 ரூபாயில் மதுரையில் ஒரு அறைக்கு வாடகை கொடுக்க முடியாது. அந்தத் தொகை உயர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன்.

ஆனால் ஒன்றை ஏற்க மாட்டேன். "நாங்களும் அப்படித்தான் வந்தோம், பட்டினி கிடந்துதான் தொழில் படித்தோம்" என்பதை ஏற்க மாட்டேன். பட்டினி தொழில் கற்றுத் தராது. வீட்டில் சோறு இருக்கிறவனை மட்டும் தொழிலில் நிறுத்தி வைக்கும். இன்றைக்கு மூன்று வருஷம் சம்பளமில்லாமல் தாக்குப்பிடிக்க முடிந்தவர்கள்தான் நாளைக்கு அரசு வக்கீல், நாளை மறுநாள் நீதிபதி. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை நீதிபதி நாற்காலியில் உட்கார வேண்டுமென்றால், முதல் மூன்று வருஷம் அவன் சாப்பிட வேண்டும். இங்கிலாந்திலும் சம்பளமில்லாத பயிற்சிதான் நெடுங்காலம் நடந்தது. பயிற்சி வக்கீலுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது என்று 2000-இல் அந்த ஊர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. அந்தத் தீர்ப்போடு அவர்கள் நின்றுவிடவில்லை. 2003 முதல் பயிற்சிக்கு ஆண்டுக்குக் குறைந்தது 10,000 பவுண்டு கொடுத்தாக வேண்டும் என்று தொழிலே விதி செய்துகொண்டது.

சட்டக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் மாணவப் பிள்ளைகளே, இப்போது உங்களிடம் வருகிறேன். மூன்றாண்டுப் படிப்பு என்றால் 12 வாரம், ஐந்தாண்டு என்றால் 20 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்பது பார் கவுன்சில் விதி. ஒரு தடவையில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. அந்த நான்கு வாரத்தில் யாரும் உங்களுக்கு மாதச் சம்பளம் தர முடியாது, நீங்களும் எதிர்பார்க்க வேண்டாம். பஸ் செலவையும் மத்தியானச் சாப்பாட்டையும் எதிர்பார்க்கலாம், கூச்சப்படாமல் கேட்கலாம். ஒரு வழக்கையாவது தொடக்கத்திலிருந்து படிக்கக் கொடுங்கள் என்று கேட்கலாம். நாலு வாரமும் ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடக்க விட்டால் அது பயிற்சி ஆகாது. உங்கள் பக்கமும் கடமை உண்டு. கோர்ட் கூடும் நேரத்துக்கு முன்னால் வந்திருங்கள். கட்சிக்காரர் சொன்னதை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். போகாத ஆபீசில் சர்டிபிகேட் மட்டும் வாங்காதீர்கள். அது கொடுப்பவருக்கும் கேடு, வாங்குபவருக்கும் கேடு.

இந்தத் தூத்துக்குடியில் ஒரு வக்கீல் இருந்தார். ஒட்டப்பிடாரத்துக்காரர், அப்பாவும் வக்கீல். கப்பல் கம்பெனி நடத்தியவர் என்றுதான் வ.உ.சி.யை எல்லோரும் சொல்கிறோம். 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளிகள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்றவரும் அவர்தான். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த சில நாளில் அவரைக் கைது செய்தார்கள். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. வக்கீல் சன்னதும் போயிற்று. அடுத்தவன் கூலிக்காக ஒரு வக்கீல் இவ்வளவு கொடுத்த ஊர் இது.

ஆகவே மேடையில் இருக்கும் வழக்கறிஞர் அண்ணாச்சிகளிடம் கேட்கிறேன். வருகிற ஒன்றாம் தேதி உங்கள் ஜூனியர் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் தொகையை எழுதுங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். 15,000 முடிந்தால் 15,000. முடியாவிட்டால் முடிந்த தொகையை மாதா மாதம், பீஸ் வந்தாலும் வராவிட்டாலும் கொடுங்கள். ஸ்டாம்புச் செலவை அன்றன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடி வரை நம் வழக்கறிஞர் சங்கங்கள் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வர வேண்டும். கொண்டு வந்தால் முதல் கையெழுத்துப் போட நான் வருகிறேன்.