ஏரி வற்றினாலும் உயிர் காக்கும் பஞ்சு

கடற்பஞ்சு என்றதும் நமக்கு மன்னார் வளைகுடாதான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் உறவினங்கள் ஏரி குளங்களிலும் வாழ்கின்றன. பஞ்சு ஒரு விலங்கு என்று நிறுவியதில் நம் நாட்டுக் குளங்களுக்கும் பங்கு உண்டு.

பஞ்சு செடியா, விலங்கா என்ற கேள்வி அரிஸ்டாட்டில் காலத்திலேயே எழுந்தது. 1825 வாக்கில் எடின்பரோவில் விலங்கியலாளர் ராபர்ட் கிராண்ட், உயிருள்ள கடற்பஞ்சை நுண்ணோக்கியில் பார்த்தார். அதன் பெரிய துளையிலிருந்து தண்ணீர் ஓயாமல் பீறிட்டு வந்தது. தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது, அதை எது தள்ளுகிறது?

இந்தக் கேள்விகளைத் தொடர்ந்தவர்களில் ஒருவர் பம்பாயில் இருந்த ராணுவ மருத்துவர் ஹென்றி ஜான் கார்ட்டர். 1840களின் இறுதியிலிருந்து அவர் அந்த ஊர்க் குளங்களின் நன்னீர்ப் பஞ்சுகளை ஆராய்ந்தார். தண்ணீரில் சிவப்புச் சாயத் துகளைக் கலந்துவிட்டு, பஞ்சின் உள்ளறைகள் அதை இழுத்துக்கொள்வதைக் கண்டார்.

பஞ்சுக்கு வாயில்லை, வயிறில்லை, நரம்பில்லை. உடம்பெங்கும் நுண்துளைகள். உள்ளறைகளில் ஒவ்வொரு செல்லுக்கும் சாட்டை போன்ற ஒரு கசையிழை. அவை இடைவிடாமல் அடிப்பதால் தண்ணீர் உள்ளே வருகிறது. அதிலுள்ள பாக்டீரியா போன்ற நுண்பொருள்கள்தான் உணவு. நன்னீர்ப் பஞ்சின் உடலைத் தாங்குவது சிலிக்காவால் ஆன நுண்முட்கள்.

1863இல் ஒரு குளத்துப் பஞ்சுக்குக் கார்ட்டரின் பெயரையே வைத்தார்கள். இன்று அது யூனாப்பியஸ் கார்ட்டரி. 1911இல் நெல்சன் அன்னண்டேல் இந்திய நன்னீர்ப் பஞ்சுகளையும் வேறு சில நன்னீர் உயிர்களையும் ஒரு நூலாகத் தொகுத்தார். 1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவர்தான்.

சேலம், நாமக்கல் பக்கம் கோடையில் ஏரிகள் வற்றுவது நமக்குத் தெரியும். இப்படி வற்றும் நீர்நிலையில், ஓடவோ நீந்தவோ முடியாத பஞ்சு எப்படிப் பிழைக்கும்? உடல் சிதைந்துபோவதற்கு முன்பே, கடுகைவிடச் சிறிய உருண்டைகளை உண்டாக்கிவிடும். ஜெம்யூல் எனப்படும் இவற்றின் கெட்டியான ஓட்டுக்குள் உயிருள்ள செல்கள் வெயிலைத் தாங்கிக் கிடக்கும். மழை வந்து தண்ணீர் ஏறியதும் வெளியே வந்து புதுப் பஞ்சாக வளரும்.

வறட்சிக்கு வழி வைத்திருக்கும் இந்த உயிருக்கும் சாக்கடையும் சாயக் கழிவும் கேடு செய்யலாம். சேறு படிந்தால் துளைகள் அடைபடும். ஏரியையே மூடிவிட்டால் ஜெம்யூல் எந்தத் தண்ணீருக்காகக் காத்திருக்கும்?

உங்கள் ஊர் ஏரியில் நீர் இறங்கும்போது மதகுக் கற்களையும், நீரில் மூழ்கியிருந்த வேர்களையும் பாருங்கள். சொரசொரப்பான பஞ்சுப் படலம் தெரிந்தால் பிய்த்தெடுக்க வேண்டாம். படமெடுத்து, பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையிடம் காட்டுங்கள். நம் ஏரியில் என்னென்ன வாழ்கின்றன என்று தெரிந்தால்தான், அதைக் காக்க வேண்டும் என்று உரக்கக் கேட்க முடியும்.