ஆட்டுக்குட்டிக்குக் கொம்பு முளைக்காமல் தடுக்கலாமா?

ஜூஜுவாடி, மூக்கண்டப்பள்ளி, ஓசூர் சுற்றுவட்டாரத்தில் ஆடு வளர்க்கிற எல்லாருக்குமான பேச்சு இது. கைபேசியில் படிக்கிறவங்க, வீட்டில் ஆட்டைக் கவனிக்கிற அம்மாவுக்கும் தாத்தாவுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்க.

நம்ம பக்கம் மேய்ச்சல் நிலம் சுருங்கிப் போச்சு. சிப்காட் வந்தது, லே-அவுட்டுகள் வந்தன. வெளியே மேய்ந்த ஆடு இப்போ வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நிற்கிறது. மேயும்போது தொந்தரவாகத் தெரியாத கொம்பு, நெருக்கடியான கொட்டகையில் பிரச்சினையாகிறது. சினை ஆட்டை வயிற்றில் முட்டினால் குட்டி கலையலாம். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கம்பி வலைக்குள் தலையை விட்ட ஆடு, கொம்பு மாட்டி ராத்திரி முழுக்கத் தவிக்கும்.

அதனால்தான் பலருக்கும் இந்தக் கேள்வி வருகிறது: குட்டியிலேயே கொம்பை நிறுத்திவிட்டால் என்ன? கைபேசியில் தேடினால் ஏகப்பட்ட வீடியோக்கள். அதில் வருகிற முறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சூட்டுக்கோல்

கொம்பு வரப்போகிற குட்டியின் தலையில் இரண்டு பக்கமும் முடி சுழியாக இருக்கும். அதன் அடியில்தான் கொம்பு மொட்டு. வெளிநாட்டுப் பால் ஆட்டுப் பண்ணைகளில், குட்டி பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் மின்சாரச் சூட்டுக்கோலால் அதைத் தீய்க்கிறார்கள். ஆனால் வெள்ளாட்டுக் குட்டியின் மண்டை ஓடு மிக மெல்லியது. சில விநாடி அதிகமானாலும் சூடு மூளை வரை போகும். வலிப்பு வரும், குட்டி செத்தும் போகும். வீட்டு அடுப்பில் காய்ச்சிய கம்பியில் சூட்டை அளக்க முடியாது.

மரத்துப் போகும் ஊசி போட்டுச் செய்யலாமே என்று கேட்பீங்க. மாட்டுக் கன்றுக்குக் கொம்பு ஒன்றுக்கு ஒரு நரம்பை மரத்துப்போகச் செய்தால் பெரும்பாலும் போதும். ஆட்டுக்கு இரண்டு நரம்பு, ஆக மொத்தம் நான்கு இடத்தில் ஊசி. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள குட்டிக்கு மருந்து கொஞ்சம் கூடினாலே விஷமாகிவிடும். இது மருத்துவர் கையில் மட்டும் இருக்க வேண்டிய வேலை.

காஸ்டிக் பசை

மொட்டின் மேல் காரப் பசையைத் தடவி அரிக்கவிடும் முறை. குட்டி சும்மா இருக்குமா? துள்ளும், உரசும், தாயின் மடியில் முட்டும். பசை மற்ற குட்டியின் முகத்துக்கும் தாயின் காம்புக்கும் போகும். மழையில் நனைந்தால் கண்ணுக்குள் வழியும். நியூசிலாந்தில் குட்டிகளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததில், இந்தப் பசை தந்த வலி சூட்டுக்கோலை விட அதிகம் என்று தெரிந்தது.

கிராம்பு எண்ணெய், உறைய வைத்தல்

சில ஆண்டுகளுக்கு முன் ஈரானில் கால்நடை மருத்துவர்கள் கிராம்புச் சாற்றைக் கொம்பு மொட்டுக்குள் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். கொம்பு வளர்ச்சி நின்றது. நல்ல மாற்று கிடைத்துவிட்டது என்று பலரும் நம்பினார்கள். பிறகு நியூசிலாந்தில் செய்து பார்த்தபோது, வலி சூட்டுக்கோலை விடக் குறையவில்லை, கொம்பும் நம்பகமாக நிற்கவில்லை. திரவ நைட்ரஜனால் உறைய வைக்கும் முறையும் வலியிலும் பலனிலும் ஏமாற்றியது. கடைக் கிராம்புத் தைலத்தை வாங்கிக் குட்டிக்கு ஊசி போடுவதை நினைத்தும் பார்க்காதீங்க.

ரப்பர் வளையம்

வளர்ந்த கொம்பின் அடியில் இறுக்கமாகப் போட்டு விழவைக்கிறார்கள். வாரக்கணக்கில் வலி. கொம்பு பாதியில் முறிந்தால் ரத்தம் கொட்டும். புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும்.

மோழை ஆடு

பிறவியிலேயே கொம்பில்லாத மோழைக் கிடாவை விட்டு இனவிருத்தி செய்தால் கத்தியும் வேண்டாம், சூடும் வேண்டாமே? மாட்டில் இது நல்ல வழி. வெள்ளாட்டில் ஒரு சிக்கல் உண்டு. மோழைத் தன்மையைத் தரும் அதே மரபணு மாற்றம் சினைப்பை வளர்ச்சியையும் பாதிக்கிறது என்று 2001இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மோழையோடு மோழை சேர்ந்து, இரண்டு பக்கமிருந்தும் அந்த மாற்றத்தை வாங்கிய பெட்டைக்குட்டி ஆணும் பெண்ணுமாக இல்லாமல் மலடாகிவிடும். மந்தையில் மோழை ஆடு இருந்தால் கொம்புள்ள கிடாவோடுதான் சேர்க்கணும்.

அப்போ என்னதான் செய்வது?

கொம்பை விட்டுவிட்டுக் கொட்டகையை மாற்றுங்க. இறைச்சிக்காக வளர்க்கிற நமக்கு இதுதான் லாபமும்கூட. நம் மாவட்டத்திலும் உள்ள சேலம் கருப்பு ஆடு கொம்புள்ள இனம். பக்ரீத்துக்கும் கோயில் நேர்த்திக்கும் ஆடு தேடி வருகிறவர்கள் ஊனமில்லாத ஆட்டைத்தான் கேட்பார்கள். தலையில் தீய்த்த தழும்போடு நிற்கிற கிடாவுக்கு விலை குறையும். வெயில் காலத்தில் உடல் சூட்டை வெளியேற்றவும் கொம்பு உதவுகிறது.

• பெரிய ஆடு ஒன்றுக்குக் குறைந்தது 10 சதுர அடி இடம் கொடுங்க.
• சண்டை பெரும்பாலும் தீவனத்தில்தான். பட்டுப்பூச்சிக்கு வைத்து மிஞ்சிய மல்பெரித் தழையை ஒரே இடத்தில் கொட்டாமல் நீளமாகப் பரப்பியோ, இரண்டு மூன்று இடத்தில் தொங்கவிட்டோ கொடுங்க.
• தீவனத் தடுப்பின் திறப்பு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால், கொம்போடு தலையை விட்டு எடுக்க முடியும்.
• தலை நுழையும், கொம்பு திரும்பாது என்கிற அளவுள்ள கம்பி வலையை மாற்றுங்க.
• கிடாவையும் நிறைசினை ஆட்டையும் தனியாக அடைங்க. புதிதாக வாங்கிய ஆட்டை உடனே மந்தையில் விடாதீங்க.
• முட்டுகிற ஆட்டுக்குக் கொம்பு நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். ரத்த ஓட்டம் இல்லாத பகுதி எது என்று முதல் தடவை மருத்துவரிடம் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

கட்டாயம் நீக்கணும் என்றால்

கொம்பு வளைந்து முகத்தைக் குத்துவது போன்ற காரணம் இருந்தால் கால்நடை மருந்தகத்துக்குப் போங்க. 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமும், அதன் கீழ் 2023இல் வந்த விதிகளும் கொம்பு நீக்கத்துக்குப் பதிவு பெற்ற மருத்துவரையும் மரத்துப்போகும் மருந்தையும் வலியுறுத்துகின்றன. டெட்டனஸ் தடுப்பு பற்றியும் கேளுங்க. ஆட்டுக்கு அந்த நோய் எளிதில் வரும்.

ஏற்கெனவே வீட்டில் சூடு வைத்து, குட்டி பால் குடிக்காமல் இருந்தாலோ, தாடையும் கால்களும் விறைத்தாலோ, வலிப்பு வந்தாலோ, திட்டுவார்களோ என்று மறைக்காதீங்க. கட்டணமில்லா எண் 1962. நம்முடையது எல்லையோர ஊர் என்பதால், கூப்பிட்டதும் கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர் வட்டம் என்று முதலில் சொல்லிவிட்டு, தெருவையும் அடையாளத்தையும் சொல்லுங்க. இந்த எண்ணை இப்பவே கைபேசியில் சேமிச்சு வைங்க.

அடுத்த ஈற்றுக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, உங்க கொட்டகையில் எந்த இடத்தில் ஆடுகள் முட்டிக்கொள்கின்றன என்று பாருங்க. முதலில் அந்த இடத்தைச் சரி செய்யுங்க.