கட்டியவர் போனபின்னும் நிற்கும் சுவர்

(பொன்விழாத் தயாரிப்பு நாள்களில் ஆலய முற்றத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்த ஐம்பது ஆண்டுகளில் நம் பங்கு பெற்ற நன்மைகளை நமக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே எடுத்துரைத்துவிட்டார்கள். விழாக்குழுவினர் நமக்கு ஒதுக்கிய பொருளோ, சாதி ஒடுக்குமுறையைப் புரிந்துகொள்வதும் பிறருக்குப் புரியவைப்பதும். கசப்பான பண்டந்தான். மருந்தென்று எண்ணிச் சற்றே பொறுமையாய்க் கேளுங்கள்.

ஆன்ம சோதனை செய்கையில் நாம் செய்தவற்றையே தேடுகிறோம். பொய் சொன்னோமா, அடித்தோமா, பிறர் பொருளை எடுத்தோமா? சாதிக் கொடுமையையும் இவ்விதமே தேடுகிறோம். "நான் யாரையும் இழிவாய்ப் பேசியதில்லை சாமி, அவர்கள் வீட்டில் காப்பிகூடக் குடித்திருக்கிறேன்" என்று சொல்லும் நல்ல மனிதர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் சொல்வது உண்மையே. ஆனால் அவர்கள் விடை சொல்வது தங்கள் குணத்தைப் பற்றி. கேள்வியோ ஊரின் அமைப்பைப் பற்றியது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் விடுத்த சுற்றுமடலில் பாவக் கட்டமைப்புகள் என்று இதைத்தான் குறித்தார்.

சொல் பெரிதாயிருக்கிறது என்று அஞ்சவேண்டாம். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊர் உங்களில் பலர் அறிந்ததே. அங்கே 1872-இல் எழுந்த கோவிலுக்குப் பீடம் ஒன்று. அதை நோக்கி வரும் கூடங்களோ இரண்டு. வெள்ளாளரும் அவர்களைச் சேர்ந்தோரும் ஒரு கூடத்தில். நாடாரும் பிறரும் மறு கூடத்தில். இடையே சுவர். கால்சட்டைக் கோவில் என்று வேடிக்கையாய்ச் சொல்வார்கள். பெயரைக் கேட்டுச் சிரிக்கலாம், பொருளைக் கேட்டால் சிரிப்பு வராது. அந்த ஊரில் 1890-இல் பிறந்த ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். அதற்கு யாரும் வெறுப்பைப் போதிக்க வேண்டியதில்லை. தாயின் கையைப் பிடித்து எந்த வாசலால் நுழைந்ததோ, அந்த வாசலே அதற்குப் பாடம் சொல்லிவிட்டது. சுவரைக் கேட்டவரும் கட்டியவரும் இறந்துபோயிருக்கலாம். வேலையைச் சுவர் செய்துகொண்டே இருந்தது.

1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. அப்போது நடந்ததைக் கவனியுங்கள். தனியிடம் பெற்றிருந்தவர்கள் தங்கள் உரிமை பறிபோயிற்று என்று வழக்குத் தொடுத்தார்கள்; சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். அவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று நாம் எண்ணவில்லை. சலுகையின் இயல்பே அது. இருக்கும்வரை அது சலுகை என்று தெரியாது, காற்றைப்போல. எடுக்கும்போது மட்டும் மூச்சு முட்டுகிறது, சமத்துவமே அநீதி போலத் தோன்றுகிறது.

குருக்களையும் இது விடவில்லை. மதுரை மறைபணியில் 1640 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனப் பண்டார சுவாமிகள் என்று தனிக் குருக்கள் இருந்தார்கள். சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருவானவர் நுழைந்து அருட்சாதனம் கொடுக்கலாமா என்பது 18-ஆம் நூற்றாண்டில் உரோமை வரை சென்ற வழக்கு. 1744-இல் கண்ட சமரசமும், அவர்களுக்கென வேறு குருக்களை ஒதுக்குவதாகவே இருந்தது.

அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு சுவர் எழுப்பியது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியாருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கே என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. உங்கள் மதத்தில் சாதி இல்லையே என்கிறார்கள் அங்கே. இங்கே கல்லறைக்குப் போனால் சாதி இருக்கிறது. இரண்டு கதவும் சாத்தியிருந்தால் நடுவில் நிற்பவன் எங்கே போவான்? நம் ஆயர் பேரவை 1982-இல் திருச்சியில் கூடியபோது சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்றது. 2016-இல் தலித் மக்கள் மேம்பாட்டுக்கெனக் கொள்கை அறிக்கையே வெளியிட்டது. தாள் வந்து சேர்ந்துவிட்டது.

இனிப் பிறருக்கு எப்படிச் சொல்வது? இளைஞரே, இது உங்களுக்கு. சந்தியில் நின்று "நீ ஆதிக்கக்காரன்" என்று கத்தினால் கேட்பவன் காதைப் பொத்திக்கொள்வான். நாத்தான் இறைவாக்கினர் தாவீதிடம் போனபோது குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னார், தீர்ப்பைத் தாவீதே சொல்லிவிட்டார். அப்புறந்தான், அந்த மனிதர் நீரே என்றார். அப்படிச் சொல்லவும் அவர் தயங்கவில்லை. நம்மவர் பலர் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

"நீர் என்ன கெடுதல் செய்தீர்" என்று கேட்பதைவிட, "நீர் எதைப் பற்றிக் கவலைப்பட நேரவே இல்லை" என்று கேளுங்கள். நம் தெருவுக்குச் சப்பரம் திரும்புமா என்று காத்து நின்றதுண்டா? வாடகை வீடு தேடும்போது சொந்த ஊரையும் தெருவையும் சொல்லத் தயங்கியதுண்டா? அப்பாவை எந்தப் பக்கம் அடக்கம் செய்வது என்று துக்கத்தின் நடுவே யாரிடமாவது கேட்க வேண்டியிருந்ததா? இல்லை என்று சொல்பவருக்கு மேற்கொண்டு பிரசங்கம் தேவைப்படாது. இன்னொன்று: காயம்பட்டவர்களையே மேடைக்கு இழுத்து, காயத்தைக் காட்டு என்று கேட்காதீர்கள். சலுகை பெற்ற வீட்டில் பிறந்தவனே தன் சித்தப்பாவிடமும் மைத்துனனிடமும் பேசட்டும். அது கடினம் என்று நமக்குத் தெரியும். கல்யாணப் பேச்சு வரும்போது இன்னும் கடினம்.

இலாசர் உவமையில் வரும் செல்வன் அந்த ஏழையை அடிக்கவில்லை, விரட்டவுமில்லை. தினமும் அவனைத் தாண்டித்தான் போய் வந்திருப்பான். நம் கல்லறைத் தோட்டத்து முள்வேலியைப் பற்றிக் கேட்டாலும், "அது எப்போதோ போட்டது சாமி, இப்போது யார் பார்க்கிறார்கள்" என்கிறார்கள். வாசல் பக்கம் இருப்பவர்கள் பார்க்கவில்லைதான். வேலிக்கு அப்பால் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பார்க்கிறார்கள். சுற்றிக்கொண்டு போக வேண்டியவர்கள் அவர்களன்றோ?

ஆகையால் வரும் நவம்பர் 2-ஆம் நாள் கல்லறை மந்திரிப்பு, வழக்கம்போல் வாசல் அருகே தொடங்காமல், வேலிக்கு அப்பாலுள்ள கல்லறைகளிலிருந்து தொடங்கும். வேலியை எடுப்பது பற்றி அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்குப் பேரவை கூடிப் பேசும். உறுப்பினர் அல்லாதவரும் வரலாம். வேண்டாம் என்று சொல்ல நினைப்பவர்கள் கட்டாயம் வாருங்கள்.