சுழலாமல் தொடரும் ஆன்டெனா



சிம்ஸ் அவென்யூவில் ஓடும் பேருந்தில் ஓர் ஊழியர், ஊரிலிருக்கும் மகளின் முகத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்தபடி பேசுகிறார். பேருந்து வளைகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. படம் அறுபடவில்லை. அவரைத் தொடர்ந்துகொண்டிருப்பது கூரைமேல் அசையாமல் நிற்கும் ஒரு தட்டைப் பெட்டி.

நகரும் பொருளைத் தொடர, முன்பெல்லாம் ஆன்டெனாவே சுழல வேண்டியிருந்தது. இந்தப் பெட்டியில் மோட்டார் கிடையாது. உள்ளே சிறு ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. 5ஜி அலைவரிசைகளில் ஒன்றான 3.5 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 8.6 சென்டிமீட்டர். ஏறத்தாழ அதில் பாதிதான் பக்கத்துப் பக்கத்து ஆன்டெனாக்களுக்கு இடைவெளி.

உறுமி மேளக்காரர்கள் வரிசையாக நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடக்கோடியில் இருப்பவர் முதலில் அடிக்க, அடுத்தடுத்தவர் மிகச் சிறிது தாமதித்து அடித்தால், ஓசை வலப்பக்கம் ஓங்கும். யாரும் திரும்பவே வேண்டாம். அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பதுதான் சில்லுகளின் வேலை. கைத்தொலைபேசி அவ்வப்போது ஓர் அடையாள அலையை அனுப்புகிறது. அது ஒவ்வோர் ஆன்டெனாவையும் இம்மி வித்தியாசத்தில் வந்தடைகிறது. அந்த வித்தியாசமே திசையைச் சொல்லிவிடும். வினாடிக்குப் பல முறை இந்தக் கணக்கு நடக்கிறது.

இது போர்க்களத்திலிருந்து வந்த வித்தை. சிங்கப்பூர் ஆகாயப்படையின் எஃப்-15எஸ்ஜி விமானத்தின் ராடாரும் இலக்கை இப்படித்தான் தொடர்கிறது. அங்கே ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் விலையுயர்ந்த தனிக் கருவி. நகமளவு சிலிக்கான் சில்லு ஒன்றே நான்கு ஆன்டெனாக்களைக் கவனிக்கத் தொடங்கியதும் விலை இறங்கியது. வானில் விரையும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைத் தொடரும் தட்டு, வீட்டுக்கூரைக்கு வந்தது அதனால்தான். இலங்கையில் அந்தச் சேவை 2025ல் தொடங்கியது.

"அப்படியென்றால் நாம் நிற்கும் இடம் அந்தப் பெட்டிக்குத் தெரியுமா?" நியாயமான கேள்வி. கேலாங் லோரோங்குகளில் கடைவீடுகள் நெருக்கமாக நிற்பதால், பல இடங்களில் அலைக்கு நேர்வழி கிடைப்பதில்லை. எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்தே வரும். பெட்டி அந்தச் சுவரின் பக்கமே அலையைத் திருப்பும். அதற்குத் தெரிவது அலை வந்த வழி மட்டுமே. ஆனாலும் எந்தக் கோபுரத்தோடு பேசுகிறோம், எவ்வளவு தொலைவில் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியத்தான் செய்கிறது; பழைய 2ஜி காலத்திலும் தெரிந்தது. அந்தப் பதிவை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், யாரிடம் காட்டுகிறார்கள் என்று கேட்க வேண்டியது நிறுவனத்திடம். கூரைமேல் நிற்கும் பெட்டியைச் சந்தேகித்துப் பயனில்லை.